பார்த்த வீட்டிலெல்லாம் குடியிருந்த அக்கா

வீடு பார்க்கப் போகிறவர்களில் பல ரகம் உண்டு. சுவரைத் தட்டிப் பார்ப்பவர்கள், எல்லாக் குழாய்களையும் திறந்து பார்ப்பவர்கள், விலையைக் கேட்டதும் செருப்பைத் தேடுபவர்கள். பார்க்கப் போன வீட்டில் அந்த நிமிடமே குடியேறிவிடுகிறவர் என்று நான் அறிந்தது ஒரே ஒரு அக்காவைத்தான்.

பார்க்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், பதினோராவது மாடியில், எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. ஒரே மகள் வான்கூவரில் வேலை பார்த்தாள். இவர் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார். நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம், லிஃப்டில் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தமிழோ?" என்றார். ஆமாம் என்றேன். "இரவைக்கு என்ன சமையல்?" என்பது அடுத்த கேள்வி. நான் யோசித்து முடிப்பதற்குள் பதினோராவது மாடி வந்துவிட்டது. அன்று இரவு அவர் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. இந்த ஊரில் வார இறுதியில், மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, விற்பனைக்கு வந்த வீடுகளைத் திறந்து வைப்பார்கள். வாசலில் 'ஓப்பன் ஹவுஸ்' என்று பலகை நட்டிருக்கும். வாங்க நினைப்பவர், வேடிக்கை பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பிள்ளை, சும்மா ஒரு ரவுண்ட் போட்டு வருவமே?" என்று கேட்டார். அந்தச் சும்மா மூன்று வருடம் நீண்டது. மழையோ பனியோ, ஞாயிறு ஒன்றரைக்கு அவர் கோட்டு மாட்டிக்கொண்டு எங்கள் கதவருகே நிற்பார்.

முதல் வீட்டிலேயே தொடங்கிவிட்டார். உள்ளே நுழைந்தவர் சோபாவில் சரிந்து கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி நிமிர்த்தி வைத்தார். சமையலறைக்குப் போய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். ஜன்னலோரச் செடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக் கையில் சுருட்டிக்கொண்டார். குப்பைக்கூடை எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை, நேரே போய் ஸிங்கின் கீழ்க் கதவைத் திறந்து போட்டார்.

"அக்கா, இது அடுத்தவங்க வீடுக்கா," என்று காதில் சொன்னேன்.

"அதுக்கு? செடி சாகட்டும் எண்டு விடுறதே?"

பிறகு அறை அறையாகப் போனார். "இது சாமி அறை. இதில நான் படுப்பன். மகள் வந்தா அந்த அறை, காலமை வெயில் விழாது, அவள் நித்திரை கொள்ளுவாள். உந்த மேசையை உதில இருந்து எடுக்க வேணும், ஆரும் காலை இடிப்பினம்." அவருடைய குரலில் 'வாங்கினால்' என்ற சொல்லே இராது. எல்லாம் நடந்து முடிந்தது போலத்தான் பேசுவார்.

ஒருமுறை கூத்தே நடந்தது. ஈஸ்ட் யோர்க்கில் ஒரு சிறிய வீடு. தரகர் மாடியில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கீழே ஓர் இளம் தம்பதி ஷூவோடு உள்ளே வந்தார்கள். இவர் அவர்களைத் தடுத்து, ஷூவை எங்கே கழற்ற வேண்டும் என்று காட்டினார். அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கழற்றினார்கள். பிறகு கூரை போட்டு எத்தனை வருடமாகிறது என்று இவரிடமே கேட்டார்கள். வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவரல்லவா, கூரை நல்ல நிலையில் இருக்கிறது, புகைபோக்கிப் பக்கம் மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தன் ஆங்கிலத்தில் விளக்கினார். பேஸ்மென்டில் ஈரம் இல்லையாம், அண்டை அயல் தங்கமாம். அந்தப் பெண், இவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்களே, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டாள். அக்கா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "நானும் அதைத்தான் யோசிக்கிறன்," என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டேன்.

இவ்வளவும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுமானால் பரவாயில்லை. பார்த்த வீடுகள் அவரோடு பார்க்டேலுக்கும் வந்துவிடும். நவம்பரில் முதல் குளிர் இறங்கிய ஒரு நாள், எப்போதோ ஆகஸ்டில் பார்த்த வீட்டின் தரகருக்குத் தொலைபேசி எடுத்து, பின்பக்கத்துக் குழாயை உள்ளே இருந்து பூட்டிவிட்டார்களா, இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும் என்று சொன்னார். அவர் வாங்கப்போகிறார் என்று நினைத்துத் தரகர் ஒரு மாதம் விடாமல் அழைத்தார். பெருமழை பெய்தால், "பாவம், அந்த ரோஸ் கலர் வீட்டு பேஸ்மென்றுக்குள்ள தண்ணி வந்திருக்கும்," என்று கவலைப்படுவார். அந்த வீடு விற்று, அதில் யாரோ குடும்பம் நடத்தி, குழந்தையும் பெற்றிருப்பார்கள்.

எனக்கு ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தூக்கம் போச்சு, பெட்ரோல் போச்சு. ஒரு நாள் காரில் வெடித்தேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. வாங்கப் போறீங்களா, இல்ல இப்படியே ஊர் வீட்டுக்கெல்லாம் குழாய் மூடிட்டு இருக்கப் போறீங்களா?"

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"இந்த அப்பாட்மென்றில இருபத்திரண்டு வருஷம் இருந்திட்டன். ஒரு ஆணி அடிக்கேல்லை. அடிக்கக் கூடாதாம், பேப்பரில கையெழுத்து வாங்கினவங்கள். என்ர மனுசன்ர படத்தைக்கூட நிலத்தில சாத்தித்தான் வச்சிருக்கிறன். எனக்கு உந்தப் பெரிய வீடு வேண்டாம் பிள்ளை. ஆரையும் கேளாமல் ஒரு ஆணி அடிக்க ஒரு சுவர் வேணும்."

அவர் வீட்டுக்கு நூறு முறை போயிருப்பேன். அவர் கணவரின் படம் தரையில் சாய்ந்திருப்பதைப் பார்த்துமிருக்கிறேன். இப்போது தூசு தட்டுகிறார் போலும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறேன். என் புத்தியை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நான் முணுமுணுக்கவில்லை.

தேடலிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தமிழர்கள் நெருங்கி வாழும் பக்கமே அவர் போக மாட்டார். மார்க்கம் என்கிற ஊரில் பெரிய வீடு கட்டி வாழ்ந்த அவருடைய தம்பிக்கு அதுதான் புரியவே இல்லை. வங்கியில் கடனுக்கு அவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாக இருந்தது, அதனால் அவருடைய கருத்துக்கும் ஓர் எடை இருந்தது. "வெள்ளைக்காரனுக்கு நடுவில தனியப் போய் என்ன செய்யப் போறாய்?" என்பார்.

"அவையள் காலமை குட் மோர்னிங் சொல்லுவினம், பின்னேரம் கதவைப் பூட்டுவினம். ஏன் தனிய இருக்கிறாய், மகள் ஏன் இன்னும் கட்டேல்லை எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். எனக்கு அது காணும்," என்பது அக்காவின் பதில்.

அப்படித்தான் ஓர் இலையுதிர்காலத்தில் ஸ்காபரோவின் தெற்கு ஓரத்தில், ஏரிக்குப் பக்கத்தில் அந்தத் தெருவைக் கண்டோம். பிறை போல் வளைந்து, தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே முடிகிற குட்டித் தெரு. இருபது இருபத்தைந்து செங்கல் வீடுகள், மாடி இல்லாதவை. முதியோர் இல்லத்தில் அக்கா கஞ்சி காய்ச்சிக் கொடுத்த ஆங்கிலேயக் கிழவிகள் அத்தனை பேரும் இப்படியொரு தெருவிலிருந்துதான் வந்திருப்பார்கள் போலிருந்தது. ரோஜாச் செடிகளுக்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் காரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வீட்டை விற்கிறவர் ஓப்பன் ஹவுஸ் நேரத்தில் அங்கே இருக்கக்கூடாது என்பது தரகர்களின் வழக்கம். இந்த வீட்டின் சொந்தக்காரர், எண்பதைத் தாண்டிய ஆங்கிலேய அம்மா, போக மறுத்துச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது தெரியாத அக்கா வழக்கம்போல உள்ளே போய், வடக்கு ஜன்னலில் இருந்த பூந்தொட்டியைத் தூக்கிக் கிழக்கு ஜன்னலில் வைத்தார்.

"அந்தத் தொட்டி நாற்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நான் செத்தேன் என்று நினைத்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, தன் முதியோர் இல்லத்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "நாற்பது வருஷமா அது இந்தப் பக்கம்தான் எட்டிப் பாக்குது, மேடம்."

அந்த அம்மா எழுந்து வந்து செடியைப் பார்த்தார். உண்மைதான், செடி முழுக்கக் கிழக்கே வளைந்திருந்தது. அவர் சிரித்தார். அரை மணி நேரம் இருவரும் வீடு முழுக்கச் சுற்றினார்கள். எங்கே காற்று வரும், எந்தக் கதவு முனகும் என்று அவர் சொல்ல, எங்கே படுப்பேன், எங்கே சாமி வைப்பேன் என்று இவர் சொன்னார். நானும் தரகரும் கூடத்தில் நின்றோம், கல்யாண வீட்டில் தெரியாத பக்கத்து ஆட்கள் மாதிரி.

அக்காவைவிட அதிக விலைக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப்போகிற ஒரு கட்டடக்காரர் அவர்களில் ஒருவர். அந்த அம்மா, "தொட்டியை நகர்த்தியவளுக்கு" என்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸை இந்த வீட்டில் கழித்துவிட்டு, அது முடிந்த கையோடு ஒஷாவாவில் மகன் வீட்டுப் பக்கத்து முதியோர் விடுதிக்குப் போவார். டிசம்பர் கடைசி வாரம் சாவி கைமாறும். செய்தி கேட்ட அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாளே பார்க்டேல் வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் பஞ்சாங்கம் பார்த்தார். டிசம்பர் கடைசி என்றால் மார்கழி. மார்கழியில் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது. தை பிறக்கும்வரை காத்திருக்கலாமென்றால் பார்க்டேல் வீட்டை அதற்கு முன்பே விட வேண்டும். பால் காய்ச்சாத வீட்டில் படுப்பதற்கு அவர் ஒப்பவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை என்னை அழைத்தார். "திரைச்சீலைக்கு அளவெடுக்க வரலாம் எண்டு ஒப்பந்தத்தில இருக்காம். வாரும் போவம்." பெரிய பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். அளவு நாடாவுக்கு இவ்வளவு பெரிய பையா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். அக்கா நேரே சமையலறைக்குப் போய்ப் பையிலிருந்து பிள்ளையார் படம், குத்துவிளக்கு, புதுப் பானை, பால் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

"அக்கா! வீடு இன்னும் அவங்களோடதுக்கா!"

"நல்ல நேரம் பதினொண்டரையோட முடியுது. நீர் அவவுக்குச் சொல்லும், நான் அடுப்பைப் போடுறன்."

எதைச் சொல்ல? எங்கள் வழக்கப்படி புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும் என்றேன். அந்த அம்மா புருவத்தை உயர்த்தினார், தடுக்கவில்லை. பழைய மின்னடுப்பு. பால் அசையவே இல்லை. பதினொன்று இருபது. அக்கா உச்சத்துக்குத் திருப்பினார். பதினொன்று இருபத்தைந்துக்கு, நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பால் குபீரென்று எழுந்து அடுப்பெங்கும் வழிந்தது. தீய்ந்த புகை மண்டி அலாரம் அலறத் தொடங்கியது. அந்த அம்மா துவாலையை எடுத்து அலாரத்தின் கீழே விசிற, அக்கா கைகூப்பிக் கண்ணை மூடி நிற்க, நான் ஜன்னலைத் திறக்கப் போராடினேன். சத்தம் நின்றதும் அந்த அம்மா அலமாரியிலிருந்து தன் நல்ல கோப்பைகளை எடுத்து வந்தார். மீதிப் பாலில் அக்கா சீனி போட்டுக் கொடுத்தார்.

"இப்போது வீடு உன்னுடையதா, என்னுடையதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இரண்டு பேருக்கும்தான். அவசரமில்லை, நீங்கள் ஆறுதலாகப் போகலாம்," என்றார் அக்கா. அவ்வளவு நிறைவாக அவர் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாவி கைமாறப் பத்து நாள் இருந்தபோது தம்பி பின்வாங்கினார். தன் மகனுக்கும் வீடு பார்ப்பதாகவும், இரண்டு கடனில் பெயர் இருக்க முடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை இரண்டு மாதம் முன்பே சொல்லியிருக்கலாம். அக்காவின் சம்பளத்துக்கு மட்டும் வங்கி அசையவில்லை. அந்த அம்மா முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், சட்டப்படி கொடுக்க வேண்டிய அவசியமில்லை. பார்க்டேல் வீட்டுக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாகிவிட்டது. கடைசியில் அக்கா போய்ச் சேர்ந்தது மார்க்கத்தில் அதே தம்பியின் பேஸ்மென்டுக்கு. பெட்டிகளை நாங்கள்தான் ஏற்றி இறக்கினோம். கணவரின் படத்தை மட்டும் அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

இனி வருவதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஜனவரியில் அந்த ஆங்கிலேய அம்மா என்னை அழைத்தார். மொழிபெயர்த்துச் சொன்னவள் என்பதால் என் எண் அவரிடம் இருந்தது. கட்டடக்காரர் மறுபடி வந்திருக்கிறார், உங்களால் வாங்க முடியுமா, இல்லாவிட்டால் வீட்டை இடித்துவிடுவார்கள், மூன்று நாளில் சொல்லுங்கள் என்றார். என் கணவரும் நானும் இரவெல்லாம் பேசவில்லை, ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. இருவருக்கும் ஒரே எண்ணம். வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மூன்று வருடம் அவரோடு சுற்றியதில் எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வீடு எனக்கு வேண்டும் போலிருந்தது. அந்த மூன்று நாளில் அக்காவை அழைக்க நான்கைந்து முறை தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொன்னேன்.



"நல்லது பிள்ளை. இடிச்சுப்போட்டாங்கள் எண்டா எனக்கு நித்திரை வராது. நல்லாயிரும்," என்றார்.

குடிவந்த வாரம் திருச்சியிலிருந்து மாமியார் கேட்டார், "பால் காய்ச்சினியாடி?" என்று. "காய்ச்சியாச்சு அத்தை," என்றேன். அடுப்பின் ஓரத்தில் அந்தத் தீய்ந்த கறை இருந்தது. இன்னொரு முறை அங்கே பால் வைக்க எனக்குக் கை வரவில்லை.

அதன் பிறகு வாராவாரம் அழைத்தேன், வாங்கக்கா, வந்து பாருங்கக்கா என்று. வேலை, சளி, பனி என்று ஏதாவது சொல்வார். இப்போது அவர் வான்கூவரில் மகளோடு இருக்கிறார். தீபாவளிக்குப் பேசுவோம், சமையல் பற்றியும் குளிர் பற்றியும் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு இன்னமும் யாரோ கதவருகே நிற்பது போல எனக்கு இருக்கும். அவர் இருந்த மாதிரி யாரும் எனக்கு இந்த ஊரில் இருந்ததில்லை.

நாங்கள் குடிவந்த பிறகு இந்த வீட்டுக்கு அவர் ஒரே ஒரு முறை வந்தார். சித்திரைப் புதுவருடத்துக்கு அடுத்த ஞாயிறு. தம்பி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கதவைத் திறந்தேன். நல்ல சேலை, கையில் கடையில் வாங்கிய கேக் பெட்டி. கால்மிதியில் நின்றுகொண்டே, "வரலாமோ?" என்று கேட்டார்.

"என்னக்கா கேள்வி இது, உள்ள வாங்க!"

சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். வீடு நல்ல வடிவாயிருக்கு என்றார். எனக்கு வாய் ஓயவில்லை. பின்பக்கத்துக் குழாயைக் குளிர் முடியும்வரை பூட்டியே வைத்திருந்தோம் என்றேன், தோட்டத்தில் என்ன போடலாம் என்று கேட்டேன். "உங்கட விருப்பம்தானே," என்றார். மூன்று வருடமாக என்னை 'நீர்' என்று அழைத்தவர் அன்று 'நீங்கள்' என்றார். கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பக்கத்து ரூம் சும்மாதான் கெடக்கு. வந்து இருந்துடுங்கக்கா. உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் வைத்தார். எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"பிள்ளை, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அந்தக் கதவு குளிரில் ஒட்டிக்கொள்ளும், கைப்பிடியைச் சற்றுத் தூக்கித் திறக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"வலப்பக்கம், ரெண்டாவது கதவு, அக்கா," என்று கையைக் காட்டினேன்.